முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு எதற்கு?

(பேராக் தோட்டக் கிளையொன்றின் குடும்பக் கூட்டத்தில், சங்கச் செயலவை உறுப்பினரும் தோட்டக் கிராணியுமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள், 'ஆபத்துக்கு வீட்டைத் தயார்செய்து வைத்தல்' என்பதாகும். பொருளைக் கேட்டதும் முன்வரிசையில் இருக்கும் அண்ணன் ஒருவர் சிரித்துவிட்டார். "சம்பளத்தைப் பற்றிப் பேசுவீர்கள் என்று வந்தால், பஞ்சையும் துணியையும் பற்றிப் பேசப் போகிறீர்களா?" என்று எங்களைக் கேட்டார். அண்ணன் கேட்டது நியாயந்தான். சம்பளத்தைப் பற்றியும் பேசுவோம். அதற்குத்தான் சங்கம் இருக்கிறது. ஆனால் நம்மிடம் இருக்கும் மூலதனம் என்ன? வங்கியில் பணமா? ஊரில் நிலமா? இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண், இவைதாம் நம் மூலதனம். வெட்டுக் கத்தியைப் பிடிக்கும் கை போய்விட்டால், சம்பளம் எவ்வளவு உயர்ந்தும் அந்த வீட்டுக்கு என்ன பயன்? ஆகவே இதுவும் சம்பளப் பேச்சுதான் என்று எண்ணிக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். ஆபீசில் ஒரு முதலுதவிப் பெட்டி இருந்தது. அது அலமாரிக்குள் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி எங்கள் இடுப்பில் இருந்தது. 'வெளியில் வைத்தால் கத்தரிக்கோல் காணாமற் போகும், பஞ்சு காணாமற் போகும், கணக்குக் கேட்டால் யார் பதில் சொல்வது?' என்பது எங்கள் எண்ணம். கணக்குப் புத்தகம் சுத்தமாக இருந்தது. ஆண்டு முழுவதும் பெட்டியில் ஒரு பொருளும் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. லயத்தில் ஒருவர் பாராங் கத்தியால் தேங்காய் வெட்டும்போது கத்தி நழுவி முன்னங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். ஒருவர் காப்பித் தூளை அள்ளி அப்பினார். இன்னொருவர் சுண்ணாம்பு வைத்தார். இரத்தம் நிற்கவில்லை. ஒரு பையன் ஆபீசுக்கு ஓடினான், பூட்டு. எங்கள் வீட்டுக்கு ஓடினான். நாங்கள் கல்யாணத்துக்காகப் பட்டணம் போயிருந்தோம், சாவியோடு. கடைசியில் ஒருவர் கொடிக் கம்பியை அறுத்து முழங்கைக்கு மேல் இறுக்கி முறுக்கினார். வண்டி தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை, ஏறக்குறைய மூன்று மணி நேரம், அந்தக் கம்பி அப்படியே இருந்தது.

உயிர் பிழைத்தது. கையும் பிழைத்தது. ஆனால் மூன்று விரல்கள் முன்போல் மடங்கவில்லை. மெல்லிய கம்பி நரம்பை நசுக்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இருபது ஆண்டு மரம் சீவியவர் அதன்பின் கத்தியைப் பிடிக்க முடியாமல் புல் வெட்டும் வேலைக்குப் போனார். மறுநாள் நாங்கள் அலமாரியைத் திறந்து பார்த்தோம். பெட்டியில் என்ன இருந்தது? பழுப்பேறிய ஒரு சுருள் துணி, காய்ந்துபோன அயோடின் போத்தல், துருப்பிடித்த ஊக்குகள். அவ்வளவையும்தான் நாங்கள் பூட்டிக் காவல் காத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு அந்த லயத்தில் எல்லாரும் இருந்தார்கள். நல்ல மனமும் இருந்தது. ஓடினார்கள், அழுதார்கள், தூக்கினார்கள். இல்லாதவை இரண்டே. ஒன்று, சுத்தமான துணி. மற்றொன்று, அதைக் காயத்தின்மேல் வைத்து விடாமல் அழுத்த வேண்டும் என்ற அறிவு. இவ்விரண்டும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதற்காகவே இன்று பேசுகிறோம்.

இங்கே சில தோழர்கள் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். 'மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை. நாமே பெட்டி வாங்கி வைத்துக்கொண்டால் அவர்கள் கடமையிலிருந்து நழுவ நாமே வழி விட்டதாகாதா?' இது சங்கக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு நேராகவே பதில் சொல்வோம்.

கடமை அவர்களுடையதுதான்; அதில் ஐயமில்லை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தோட்டங்களில் வீடு, தண்ணீர், மருத்துவ வசதி முதலியவற்றை முதலாளியின் பொறுப்பாக வைத்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பையும் நலத்தையும் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. இவை சும்மா வந்தவையல்ல. ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரஸரும் ஆயாக் கொட்டகையும் இருந்ததற்குப் பின்னால் எத்தனையோ பேருடைய உழைப்பும் போராட்டமும் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும், கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், பல இடங்களில் டிஸ்பென்சரியின் கதவு சத்தமில்லாமல் மூடப்பட்டது. அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை நாம் ஒருநாளும் விடப் போவதில்லை.

ஆனால், தோழர்களே, இரத்தம் சட்டப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காது. டிஸ்பென்சரி இருந்தாலும், டிரஸர் இருந்தாலும், ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் தெலுக் இந்தானிலும் ஆஸ்பத்திரிகள் இருந்தாலும், முதல் பத்து நிமிடம் யாருடையது? பக்கத்தில் நிற்பவருடையது. அந்தப் பத்து நிமிடத்தை எந்த முதலாளியும் எந்த அரசாங்கமும் நமக்காக எடுத்துக்கொள்ள முடியாது. அது மனைவியின் கையில் இருக்கிறது. மூத்த மகளின் கையில் இருக்கிறது. பக்கத்து நிரையில் மரம் வெட்டும் அக்காளின் கையில் இருக்கிறது.

முதலுதவி என்பதே தொழிலாளர் நடுவில் வளர்ந்த படிப்புத்தான். 1878-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்த வூல்விச் என்னும் ஊரில், பீட்டர் ஷெப்பர்டு என்ற இராணுவ டாக்டரும் பிரான்சிஸ் டங்கன் என்ற அதிகாரியும் சாதாரண மக்களுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கினார்கள். டாக்டர் வரும்வரை காயம்பட்டவனை எப்படிக் காப்பது என்பதே பாடம். அங்கிருந்து சுரங்கத்துக்கும் இரயில் பாதைக்கும் ஆலைக்கும் அந்தப் படிப்புப் பரவியது. செயிண்ட் ஜான் அம்புலன்ஸ் என்று இன்று நம் நாட்டிலும் பயிற்சி தரும் அமைப்பு அந்த வழியில் வந்ததே.

வூல்விச் தூரம் என்றால் நம் பேராக்கையே பாருங்கள். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் பாப்பான் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே மெயின் ரோட்டில் 74-ஆம் எண் வீடு. 1941 முடிவில் ஜப்பானியர் படை நெருங்கியபோது சிபில் கார்த்திகேசு அம்மையார் ஈப்போவிலிருந்து அந்த வீட்டுக்குக் குடிபோனார். அவர் டாக்டர் அல்லர், நர்ஸ், மருத்துவச்சி. கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு. அந்த வீட்டில் ஏழை எளியவர்களுக்கு மருந்து கொடுத்தார். காட்டிலிருந்து இரவில் வந்த போராளிகளின் காயத்துக்கும் இரகசியமாகக் கட்டுப் போட்டார். 1943-இல் ஜப்பானியர் அவரைப் பிடித்துக் கொடுமைப்படுத்தினார்கள். காட்டிக் கொடுக்கவில்லை. அந்தச் சித்திரவதையின் காயங்களோடு 1948-இல் ஸ்காட்லாந்தில் காலமானார். பிறகு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஜார்ஜ் பதக்கம் பெற்றவர் அவர். அவருடைய வீரம் நம்மில் எத்தனை பேருக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வீரத்துக்கு அடிப்படையாக இருந்தது என்ன? நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் அந்த வீட்டில் சுத்தமான துணியும் மருந்தும் தெரிந்த கையும் தயாராக இருந்தன. அந்தத் தயார்நிலை மட்டும் நமக்கும் வரக்கூடியதே.

சரி, வீட்டில் என்ன வைப்பது? பெரிய செலவு வேண்டாம். மூடியுள்ள ஒரு ரொட்டி டின் போதும். துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு மடித்த வெள்ளை வேட்டித் துணி நாலைந்து துண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் காயத்துணி, சுருள் கட்டுத்துணி, ஒட்டும் பிளாஸ்டர். கையைத் தொங்கவிட்டுக் கட்ட ஒரு முக்கோணத் துணி. பழைய கைலியைக் குறுக்காக வெட்டினாலே கிடைக்கும். கூர்மையான கத்தரிக்கோல் ஒன்று. ரப்பர் கையுறை இரண்டு ஜோடி. ஒரு சவர்க்காரம். காய்ச்சல் பார்க்கும் கருவி. பாராசிட்டமால் மாத்திரை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புத்தூள் பொட்டலம் சில. ஒரு டார்ச் லைட்டும் பேட்டரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, காலாவதியானதை எறிந்து புதிது வையுங்கள்.

டின்னின் மூடிக்குள் ஒரு காகிதம் ஒட்டுங்கள். அதில் பெரிய எழுத்தில் 999 என்று எழுதுங்கள். பிறகு வீட்டு முகவரி. நம் தோட்டங்களில் தெருப் பெயர் இருக்காது; ஆகவே எந்தச் சாலை, எத்தனையாவது மைல் அல்லது கிலோமீட்டர், எந்தக் கோவிலுக்கு எந்தப் பக்கம், எந்த லயம் என்பதை மலாயில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் வாய் குழறும்; காகிதம் குழறாது. அதற்குக் கீழே வீட்டில் யார் யாருக்கு நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, இழுப்பு, எந்த மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதுங்கள். இந்தக் காகிதம்தான் பெட்டியிலேயே விலையுயர்ந்த பொருள். அதற்குக் காசு வேண்டியதில்லை.

இனி, நம் வீட்டிலும் வெட்டுக்காட்டிலும் அடிக்கடி வருகிற ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது வெட்டுக்காயம். காப்பித் தூள், சுண்ணாம்பு, புகையிலை, சிலந்தி வலை எதுவும் வேண்டாம். அவை காயத்துக்குள் அழுக்கைத்தான் சேர்க்கும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது. 'நின்றதா?' என்று நடுவில் தூக்கிப் பார்ப்பதுதான் நாம் எல்லாரும் செய்கிற தவறு. பார்த்த நொடியில் உறைந்தது பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வைத்து மேலும் அழுத்துங்கள். கம்பி, கயிறு, கொடி கட்டாதீர்கள். இரத்தம் நின்றபின் இறுக்கமில்லாமல் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கத்தியில் மண்ணும் துருவும் இருக்கும். 'சின்னக் காயந்தானே' என்று விடாமல் தசைவலிப்பு நோய்க்கான ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

இரண்டாவது தீக்காயமும் ஆசிட் பட்டதும். அடுப்பங்கரையில் கொதிநீர், பால் ஸ்டோரில் ஆசிட். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஓடும் தண்ணீர். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் விட வேண்டும். பற்பசை, தேங்காயெண்ணெய், கோழிமுட்டை, மை எதையும் பூசக் கூடாது. ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது. கொப்புளத்தைக் குத்தக் கூடாது. பால் உறையவிடும் ஆசிட்டோ, பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவோ கண்ணில் தெறித்தால், இமையை விரல்களால் திறந்து பிடித்துக்கொண்டு இருபது நிமிடமாவது தண்ணீர் விட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசக்கினால் கண் போகும். ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள், தண்ணீர்க் குழாய் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே போய்ச் சேரும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்; ஆசிட் பட்டவனுக்குக் கண் தெரியாது அல்லவா?

மூன்றாவது பாம்புக்கடி. இதில்தான் நம் மக்களிடம் அதிகமான மூடப் பழக்கம் இருக்கிறது. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபமும் வரும். இருந்தாலும் சொல்லித்தான் தீர வேண்டும். பினாங்கு பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் அலிஸ்டர் ரீட் என்பவர் 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வடமலாயாவின் பாம்புக்கடி நோயாளிகளை ஆராய்ந்தார். மலாய்க்காரர் 'உலார் காப்பாக் போடோ' என்று சொல்லும் விரியன் நம் கித்தாக் காடுகளில் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். ஆள் வந்தாலும் விலகிப் போகாது. அது கடித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நஞ்சு ஏறவே இல்லை, அல்லது மிகக் குறைவாகவே ஏறியது என்று அவர் 1963-இல் எழுதினார்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கடிபட்ட பத்துப் பேரும் மந்திரிக்கப் போனால், அவர்களில் நாலைந்து பேர் எப்படியும் பிழைத்திருக்க வேண்டியவர்களே. அவர்கள் பிழைத்ததும் புகழ் மந்திரத்துக்குப் போய்விடுகிறது. நஞ்சு ஏறியவர் இறந்தால் 'விதி' என்று சொல்லிவிடுகிறோம். பூசாரியாரை நாம் குறை சொல்லவில்லை. அவரிடம் வேண்டிக்கொள்ள விரும்பினால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்து வேண்டிக்கொள்ளுங்கள்.

கடிபட்டால் செய்ய வேண்டியது: ஆளை உட்காரவோ படுக்கவோ வைத்து அசையாமல் வைத்திருங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கியபின் கழற்ற முடியாது. எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் ஒரு பலகைத் துண்டை வைத்துக் காலை அசையாமல் கட்டுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 999-ஐக் கூப்பிடுங்கள் அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். செய்யக் கூடாதது: கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, சம்சு கொடுக்கக் கூடாது. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டுமென்று துரத்தாதீர்கள். இரண்டாவது ஆள் கடிபடுவது அப்படித்தான். எட்ட நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். அது டாக்டருக்கு உதவும். எந்தப் பாம்புக்கு எந்த நஞ்சுமுறி என்று பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நாகம் கண்ணில் துப்பினாலும் தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

நான்காவது புல் மருந்து. நாம் விஷத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்திருக்கிறோம். 'அப்பா மருந்தடிக்கப் போயிருக்கிறார்' என்று சொல்கிறோம். மூன்று வயதுக் குழந்தைக்கு இருமல் மருந்தும் புல் மருந்தும் ஒன்றுதானே? அதுவும் நாம் அதை எதில் கொண்டு வருகிறோம்? சர்பத் போத்தலில், நூறு பிளஸ் போத்தலில். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரு வாய் விழுங்கினாலே நுரையீரலைத் தின்றுவிடும். முறிவு மருந்து கிடையாது. தடை வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கொல்லைக் கொட்டகையில் பழைய போத்தல் எங்கேயாவது கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மற்றக் களைக்கொல்லிகளும் குடிக்கக் கூடியவை அல்ல. எந்த விஷமும் அதன் சொந்தப் போத்தலில், லேபலோடு, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். பூட்டு வேண்டியது இங்கேதான், தோழர்களே! விஷத்தைத் திறந்து போட்டுவிட்டுப் பஞ்சைப் பூட்டி வைத்தோம் நாங்கள்.

குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளித்த மோர் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். போத்தலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பினாங்கில் சைன்ஸ் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண் 1-800-88-8099. அதையும் மூடிக்குள் இருக்கும் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

ஐந்தாவது வயிற்றுப்போக்கு. குழந்தை பத்துத் தடவை போனால் 'தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்' என்று பாட்டி தடுப்பார். அது தவறு. 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, போங்காவ்ன் என்ற இடத்தில் டாக்டர் திலீப் மகாலநோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாளி வாளியாகக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நோயில், அங்கே நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்கள்தாம். பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தப்பக் கூடாது. உப்புக் கூடினால் தீமை. சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் குழிந்து, குழந்தை சோர்ந்துவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

ஆறாவது திடீரென்று விழுந்துவிடுகிறவர். நம் வீடுகளில் நீரிழிவுக்காரர் இல்லாத வீடு அரிதாகிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு, அல்லது மாத்திரை போட்டுக்கொண்டு, பசியாறாமல் விடியற்காலை பிரட்டுக்கு வந்து, வேர்த்து நடுங்கி உளறத் தொடங்கினால், விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்வரை சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐக் கூப்பிடுங்கள். கூப்பிட்டாலும் அசையாமல், மூச்சும் இல்லாமல் கிடந்தால், நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்த வேண்டும். 1960-இல் அமெரிக்க டாக்டர்கள் இதை உலகுக்குச் சொன்னபோது, இதற்கு வேண்டியது இரண்டு கைகள் மட்டுமே என்றார்கள். வாளி தூக்கிப் பழகிய நம் கைகளைவிட அதற்குப் பொருத்தமான கைகள் எங்கே இருக்கின்றன? ஆனால் இதைப் பேச்சில் கற்க முடியாது. பொம்மையின்மேல் செய்து பழக வேண்டும். அதற்குப் பயிற்சியாளரை அழைக்கப் போகிறோம்.

பெட்டியும் அறிவும் இருந்தாலும், எல்லாரும் ஒரே வேலையைச் செய்ய ஓடினால் பயனில்லை. ஆகவே வீட்டில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அடிபட்டவரை விட்டு அசையக் கூடாது. ஒருவர் போன் பேச வேண்டும். பள்ளத்தில் கைப்பேசி கேட்காத இடமென்றால் எந்த மேட்டில் கேட்கும் என்று முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் டார்ச் லைட்டோடு பெரிய சாலை முனைக்குப் போய் நின்று அம்புலன்சுக்கு வழிகாட்ட வேண்டும். ஒருவர் குழந்தைகளையும் கூட்டத்தையும் விலக்க வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒருநாள் குடும்பத்தோடு இதை ஒத்திகை பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொள்ளட்டும். விளையாட்டில் படித்ததை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசியத் தோழரையும் வங்காளதேசத் தோழரையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு இங்கே பாட்டியும் இல்லை, மாமனும் இல்லை. இரத்தத்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

வேலையில் விபத்து நடந்தால் இன்னொரு கடமையும் உண்டு. நேரம், இடம், என்ன வேலை செய்துகொண்டிருந்தார், யார் பார்த்தார் என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்கேசோவுக்கு முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 'சின்னக் காயம், எழுதாதே' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்றைய சின்னக் காயம் ஆறு மாதம் கழித்து விரல் மடங்காத கையாகலாம். இதை எழுத வேண்டியவர்கள் கிராணிமார்களாகிய நாங்கள். நாங்கள் எழுதத் தவறினால் கேட்டு எழுத வையுங்கள்.

ஆகவே, தோழர்களே, இந்தக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று, அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி, மூடிக்குள் காகிதம். இரண்டு, ஒவ்வொரு லயத்துக்கும் இருவர், அவர்களில் ஒருவராவது பெண், முறையான முதலுதவிப் பயிற்சி பெற வேண்டும். விடியற்காலையில் தனியாக நிரைக்குள் நிற்பவர்களில் பலர் நம் பெண்கள். மூன்று, பிரட்டுக் களத்திலும் ஸ்டோரிலும் நிறைவான முதலுதவிப் பெட்டி, இரவில் அவசரத்துக்கு ஒரு வண்டி, மூடிய டிஸ்பென்சரியைத் திறப்பது ஆகியவற்றை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். முதல் இரண்டும் நாம் நமக்குச் செய்வது. மூன்றாவது நமக்கு உரியதைக் கேட்பது. முதல் இரண்டையும் செய்துவிட்டுப் போய் மூன்றாவதைக் கேட்டால், 'உங்களுக்கு அக்கறையில்லை' என்று நம்மைப் பார்த்து எவரும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. இப்போது நாங்கள் வேலை பார்க்கும் ஆபீசில் முதலுதவிப் பெட்டி அலமாரிக்குள் இல்லை. வராந்தாச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. பூட்டு இல்லை. வைத்த முதல் மாதமே கத்தரிக்கோல் காணாமற் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? வேறொன்று வாங்கி வைத்தோம். அதுவும் போனால் இன்னொன்று வாங்குவோம். கத்தரிக்கோல் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

அந்த அண்ணனுடைய மூன்று விரல்கள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அவர் இன்றும் எங்களைப் பார்த்தால் சிரித்துக்கொண்டு வணக்கம் சொல்கிறார். மடங்காத அந்தக் கையைத் தூக்கித்தான் சொல்கிறார். அந்த வணக்கத்தை ஏற்றுக்கொள்ளும் தகுதி எங்களுக்கு வர வேண்டுமானால், இனி ஒரு வீட்டில் அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு உங்கள் எல்லாருடைய துணையும் வேண்டும்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!